சணல் கட்டிய குழாய்கள்

நேற்று ஒரு பள்ளிக்கூட ஹாலுக்குள் நுழைந்ததும் நகப்பூச்சு வாசனை அடித்தது. மூன்றாவது மேஜையில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், ஒரு லிட்டர் பாட்டிலை மடியில் இடுக்கிக்கொண்டு, நாக்கை லேசாக வெளியே நீட்டியபடி, சிவப்பு நகப்பூச்சால் அதன்மேல் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். முன்பு போட்ட கோடுகள் அழிந்துவிட்டனவாம். நான் அப்படியே நின்றுவிட்டேன். என்னோடு வந்தவர் இரண்டடி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்து, "எந்தா டீச்சரே?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

நான் அங்கே நடுவராகப் போயிருந்தேன். சிரிக்காதே. கணக்கு டீச்சர்களுக்குத் தலை நரைக்க ஆரம்பித்ததும் இப்படி ஒரு நாற்காலியும் சேலையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜும் தானாக வந்து சேர்ந்துவிடுகின்றன. போட்டி என்னவென்று நினைக்கிறாய்? நம்முடையதேதான். மாணவர்களுக்கான நீர்ப் பாதுகாப்புத் திட்டப் போட்டி. நடுவர்கள் மேஜையில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். எல்லோரும் இரண்டு வாய் குடித்துவிட்டு மீதியை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். நான் மட்டும் என்னுடையதைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நீ பார்த்துக்கொண்டிருப்பாய் என்ற பயம்தான்.

நமக்கு அப்போது எட்டாம் வகுப்பு. நான் ஆரியசாலையில் அரிசி மொத்த வியாபாரம் செய்பவரின் மகள். பள்ளிக்கூடத்துக்கு நடந்தே வருவேன், வாய் ஓயாது. நீ பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாய். நம் இரண்டு பேரையும் ஒரே குழுவில் போட்டது சயின்ஸ் டீச்சரின் புத்திசாலித்தனமா, பழிவாங்கலா என்று நாம் கடைசி வரை தீர்மானிக்கவில்லை.

முதல் பரிசு என்ன என்று டீச்சர் படித்துச் சொன்ன நிமிஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்று நாள் இயற்கை முகாம், பொன்முடியில். வகுப்பு முழுக்க ஆரவாரம். குளிர், மஞ்சுப் பனி, தேயிலை என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நீ மட்டும் டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மணி அடித்த பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாய்.

"எல்லாரும் குளிர் பாக்கப் போவாங்க. நான் எங்கம்மாவப் பாக்கப் போவேன்."

ஓணத்துக்கு ஊருக்குப் போனவள் நீ. அடுத்தது கிறிஸ்துமஸ் லீவுதான். மேலே போகும் பஸ்ஸோ எப்போதாவது ஒன்று. நமக்கு இந்தப் பரிசு வேண்டும் என்று அந்த நிமிஷமே நான் முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்வதில் எனக்கு எப்போதும் தாமதமே கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

திட்டம் உன்னுடையது. ஆரியசாலையில் எங்கள் சந்தில் இருபத்திரண்டு கடைகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குழாய். எது எவ்வளவு ஒழுகுகிறது என்று அளப்போம், ஒரு நாளில் ஒரு சந்து மட்டும் எவ்வளவு தண்ணீரைச் சாக்கடைக்குக் கொடுக்கிறது என்று காட்டுவோம் என்றாய். இருமல் மருந்து பாட்டிலின் மூடியால் அளந்து அளந்து ஊற்றி, என் அக்காவின் நகப்பூச்சைத் திருடி, பாட்டிலில் கோடுகள் போட்டோம். மிச்சத்தில் ஒரு விரலுக்கு நீயும் பூசிக்கொண்டு ஹாஸ்டல் வார்டனிடம் திட்டு வாங்கினாய். அந்த ஒரு விரலை மடக்கிக்கொண்டே ஒரு வாரம் சாப்பிட்டதாகச் சொன்னாயே.

நம் முறை மிகச் சுலபமானது. கடைக்குப் பின்னால் போய் நிற்போம். சொட்டுச் சத்தம் கேட்டால் பாட்டிலை வைத்து, அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் பிடிப்போம். சத்தம் இல்லையென்றால் பூஜ்யம் என்று எழுதிவிட்டு அடுத்த கடைக்குப் போவோம். கடைக்காரர்கள் முதலில் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு போட்டி போட ஆரம்பித்தார்கள். "எங்க கடை எம்புட்டு மக்ளே? பக்கத்துக் கடையவிட கொறவுதானே?" என்று கேட்டு நமக்குச் சுக்கு மிட்டாய் கொடுத்தவரை மறந்திருக்கமாட்டாய். அவர் குழாய்தான் எல்லாவற்றிலும் மோசமாக ஒழுகியது. மிட்டாயைச் சாப்பிட்டுவிட்டு அதை அப்படியே எழுதினோம்.

எங்கள் கடைக்குப் பூஜ்யம் வந்ததில் என் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஒழுகுன பைப்ப நான் எப்பவோ கெட்டியாச்சு. வெள்ளம் சொட்டுற கடையில லட்சுமி இருக்கமாட்டா, கேட்டியா?" என்று சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருக்கு எந்தத் தண்ணீரும் வெள்ளம்தான். நானும் சார்ட்டில் எங்கள் கடைக்கு நேராகப் பச்சை மையில் பூஜ்யம் போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வரைந்தேன். நட்சத்திரம் எதற்கு என்று நீ கேட்டாய். அழகுக்கு என்றேன்.

போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம். சார்ட் முடிந்து, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கடையின் மேஜைமேல் இருந்தது. அப்பா வாங்கிக் கொடுத்த பழம்பொரியைத் தின்றுவிட்டு நீ கை கழுவப் பின்னால் போனாய். போனவள் வரவில்லை. நான் தேடி வந்தபோது குழாயின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாய். அதன் வாயில் அப்பா கட்டியிருந்த சணல், சாக்கு தைக்கிற அதே சணல், சாக்கடை வரை தொங்கிக்கொண்டிருந்தது. உன் கையில் அதன் நுனி.

"எடீ, இது நனஞ்சிருக்கு."

"கை கழுவினேல்ல, அதான்."

"நான் இன்னும் பைப்பத் தொறக்கவே இல்ல."

நீ சணலை இரண்டு விரலால் பிடித்து உருவினாய். தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து முழங்கை வரை ஓடியது. பாட்டிலைக் கொண்டு வந்து சணலின் நுனியை அதற்குள் விட்டோம். ஒரு சத்தமும் இல்லாமல் தண்ணீர் ஏறியது. பத்து நிமிஷத்தில் நான்காவது கோட்டைத் தாண்டிவிட்டது. மிட்டாய்க்காரரின் குழாய்கூட இரண்டாவது கோட்டைத் தொட்டதில்லை.

அப்பா குழாயைச் சரி செய்யவில்லை. சத்தத்தைத்தான் சரி செய்திருந்தார். சொட்டு கீழே விழாமல் சணல் வழியாக இறங்கிப் போய்விடும், காதில் விழாது, லட்சுமியும் எழுந்து போகமாட்டாள். சந்தில் இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. பத்துப் பதினைந்து வருஷமாக ஒருவரைப் பார்த்து ஒருவர் கட்டியிருக்கிறார்கள். நாம் பூஜ்யம் போட்ட பதினொரு கடைகளிலும் குழாயில் சணல் தொங்கியது. நான்கு நாள் அந்தச் சணல்களைப் பார்த்துக்கொண்டே அவற்றைத் தாண்டிப் போயிருக்கிறோம். தொட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை.

அப்போது உன்னிடம் நான் பேசிய பேச்சை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், உன்னிடம் என்ன மறைப்பு? "இது யாருக்குத் தெரியப்போகுது? ஜட்ஜு வந்து சணலப் பிடிச்சுப் பாக்கப் போறாரா? சார்ட் எம்புட்டு அழகா இருக்கு. உனக்கு ஊருக்குப் போண்டாமா?" என்றேன். கடைசிக் கேள்வியை வேண்டுமென்றே கேட்டேன். அது எங்கே போய்த் தைக்கும் என்று எனக்குத் தெரியும்.

உன் கண் சிவந்தது. பிறகு, "நாம வெள்ளத்த எண்ணலடீ, சத்தத்த எண்ணியிருக்கோம்" என்றாய்.

அவ்வளவுதான். சார்ட்டைப் பிரித்து, சிவப்புப் பேனாவை என் கையில் கொடுத்து, "உங்க அப்பா கடை. நீயே அடி" என்றாய். நட்சத்திரத்தையும் சேர்த்து அடித்தேன். அடிக்கும்போது அழுதேன். உன்மேல் இருந்த கோபத்தில் அழுதேன் என்று அன்று சொன்னேன். அது பொய் இல்லை.

சாயங்காலம் வரை ஓடினோம். கடைகள் அடைக்கத் தொடங்கும்வரை, எங்கள் கடையையும் சேர்த்து, ஏழு சணல்களைத்தான் அளக்க முடிந்தது. மீதி நான்குக்கு எதிரே என்ன எழுதுவது என்று நான் கேட்டேன். "தெரியாது" என்று எழுது என்றாய். போட்டிக்குக் கொண்டுபோகும் சார்ட்டில் யாராவது தெரியாது என்று எழுதுவார்களா? நாம் எழுதினோம், மலையாளத்தில், நான்கு தடவை.

மறுநாள் ஹாலில் மூன்றாவது வரிசையில் என் அப்பா உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, சந்தனம், கூடவே சாட்சிக்கு இரண்டு கடைக்காரர்கள். தன் கடைக்குப் பூஜ்யம் என்று மேடையில் சொல்லப்போகிறார்கள் என்ற நினைப்பில் வேலை நாளில் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். அவரிடம் முந்தின நாளே விஷயத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மேடையில்தான் சொன்னேன். குச்சியை நீட்டி, அளந்த கடைகளிலேயே அதிகமாக ஒழுகுவது இந்தக் கடைதான் என்று காட்டினேன். கடை நம்பரைத்தான் சொன்னேன், பெயரைச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கு அதுவே போதும். "என்ன ஓய், உம்ம கடைக்குத்தான் முதல் ராங்கு!" என்று அவர் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது.

நடுவர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். "இது முழுக்கத் தெற்றாணல்லோ. பின்னெ எந்தினா கொண்டுவந்நது?" எல்லாம் தப்பாக இருக்கிறதே, பிறகு எதற்குக் கொண்டுவந்தீர்கள் என்ற கேள்வி. வாயாடிக்கு அன்று வாய் இல்லை. நீ ஒரு அடி முன்னால் வந்தாய். உன் எஸ்டேட் மலையாளத்தில், தரையைப் பார்த்துக்கொண்டே, முந்தின நாள் என்னிடம் சொன்னதையே சொன்னாய்.

"ஆத்யம் ஞங்ஙள் எண்ணியது சப்தமா, சாரே. வெள்ளமல்ல."

ஹாலில் யாரும் கை தட்டவில்லை. அப்படியெல்லாம் நடக்காது. ஓரத்தில் இருந்த ஒரு நடுவரம்மா மட்டும் அதைத் தன் தாளில் எழுதிக்கொண்டார். முதல் பரிசு, தெர்மோகோலில் அணை கட்டி மோட்டார் வைத்துத் தண்ணீர் ஓட்டிக் காட்டியவர்களுக்குப் போனது. அந்த அணை மேடையிலேயே உடைந்து மைக் செட்காரரின் செருப்பை நனைத்தது என்பதை நடுவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. நமக்கு ஆறுதல் பரிசு, ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி. நீ அந்த வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படி இறங்கினாய். சிரிக்கிறாய் என்று நினைத்தேன். கீழே வந்து அதை எடுத்தபோது முகமெல்லாம் ஈரம்.

ஹாலிலிருந்து சாலைக் கடைவீதி வரை அப்பா முன்னால் நடந்தார், நாம் வாளிகளோடு பின்னால். முதுகைப் பார்த்தே பயந்தோம். சர்பத் கடை வந்ததும் நின்றார். நமக்கு ஆளுக்கொரு நாரங்கா வெள்ளம் சொன்னார், எலுமிச்சை பிழிந்தது. பிறகு உன்னைப் பார்த்து, "எத்தனையோ வருஷமா கெட்டி வச்சிருந்த கயிறு. ஒத்த நாள்ல அவுத்துட்டியே மக்ளே" என்றார். நீ கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாய்.

"அந்த கேம்பு எங்க வச்சிருக்கு?"

"பொன்முடியில, மாமா."

"அது ஒன் ஊரு அல்லே?"

நீ தலையை ஆட்டினாய். அவர் சர்பத்துக்குச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். "எஸ்டேட் கடைக்கு அரிசி வண்டி சனியாழ்ச்ச போகுது. வார்டன்ட்ட நான் பேசுகேன். ரெண்டு பேரும் ஏறிக்கிடுங்க" என்றார். அவருக்கு மன்னிப்புக் கேட்க வராது, பாராட்டவும் வராது. அரிசி வண்டியில் இடம் கொடுக்க வரும்.

அந்தப் பயணத்தை நீ உன் கல்யாணத்தில்கூட எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாய். நான் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்பதாவதில் எண்ணிக்கை நின்று வாந்தி ஆரம்பித்தது. உன் வாளி அன்றுதான் முதன்முதலில் உபயோகப்பட்டது. மேலே வண்டி நின்றபோது உன் அம்மா கொழுந்துக் கூடையோடு வரிசையில் வந்துகொண்டிருந்தார். உன்னைப் பார்த்ததும் கூடையை இறக்காமலே ஓடி வந்தார்.

"ஏம் புள்ள, ஜெயிச்சிட்டியா?"

"இல்லம்மா, தோத்துட்டேன். அதான் சீக்கிரம் வந்துட்டேன்."

ஜெயித்தவர்கள் அடுத்த வாரம் போனார்கள். மூன்று நாளும் விடாத மழை. மஞ்சைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லையாம். இதைக் கேட்டு நாம் சந்தோஷப்பட்டது தப்புதான். ஆனாலும் நன்றாகவே சந்தோஷப்பட்டோம்.

அப்பா சணலை அவிழ்த்து, ஆளைக் கூப்பிட்டுக் குழாயை மாற்றினார். அவர் மாற்றியதும் சந்தே மாற்றியது. முன்பு சணல் கட்டியதைப் போலவே ஒருவரைப் பார்த்து ஒருவர். நான் கணக்கு டீச்சர் ஆனேன். நீ நெடுமங்காட்டில் தண்ணீர் பரிசோதிக்கிற லேபில் சேர்ந்தாய். வாரம் தவறாமல் போன் பேசுவோம். வழக்கம்போல நான் பேசுவேன், நீ கேட்பாய். கடைசியில் "நீ எப்படி இருக்கே?" என்று கேட்பேன். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பாய். நானும் திருப்தியாகப் போனை வைத்துவிடுவேன். ஒரு வருஷம் முழுக்க அப்படி வைத்திருக்கிறேன்.

உனக்கு உடம்பு முடியாததே உன் தம்பி சொல்லித்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். பாதி ஆளாகக் கிடந்தாய். எனக்கு வந்த கோபத்தில் நலம்கூட விசாரிக்கவில்லை. "ஏன்டீ என்ட்ட சொல்லல? ஒவ்வொரு வாரமும் கேட்டேன்ல?" என்று கத்தினேன். நர்ஸ் எட்டிப் பார்த்தார். நீ சிரித்தாய். அந்த நிலையிலும் உனக்குச் சிரிப்பு வந்தது.

"நீ இன்னும் சத்தத்தத்தான்டீ எண்ணுற."

நானும் சிரித்துவிட்டேன். பிறகு உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கை அவ்வளவு மெலிந்திருந்தது. ஒருமுறை நேரில் வந்து தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். இது உன்மேல் கோபம் இல்லை, என்மேல்தான். கொஞ்சம் உன்மேலும்.

நேற்றைய கதையை முடிக்கிறேன். ரெட்டைப் பின்னல்காரியின் மேஜைக்கு வந்தேன். அவள் பள்ளிக்கூடக் குழாய்களை அளந்திருந்தாள். "சத்தமே வராத குழாய் ஏதாவது இருந்ததா?" என்று கேட்டேன். இருந்தது, இரண்டு, பூஜ்யம் போட்டேன் என்றாள். "தொட்டுப் பார்த்தாயா?" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், சார்ட்டைப் பார்த்தாள், பிறகு பேனாவை எடுத்து இரண்டு பூஜ்யங்களையும் அடித்துவிட்டு "அறியில்லா", நாம் எழுதிய அதே தெரியாது, என்று எழுதினாள். முழுதாக எழுதி முடிக்கும் வரை கூடவே நின்றேன். அதற்கு நான் எவ்வளவு மார்க் போட்டேன் என்பதை வெளியே சொல்லக்கூடாது. உன்னிடம் சொன்னால் பரவாயில்லை: முழுசாகப் போட்டேன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் உன் அம்மாவுக்குப் போன் போட்டேன். நீ போன பிறகு வாரா வாரம் போடுகிறேன். அந்தப் பரிசு வாளியில்தான் இன்னும் குளிக்கிறாராம். கைப்பிடி போய்க் கயிறு கட்டியிருக்கிறதாம். மழை, தம்பியின் மகள், லயத்தில் குரங்குத் தொல்லை எல்லாம் சொன்னார். உடம்பு எப்படி என்று கேட்டேன். "எனக்கு என்ன புள்ள, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். உன் குரலே. அதில் ஒரு சொட்டுச் சத்தம்கூட இல்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மேலே போகிறேன்.